நிற்கிற காருக்கும் செலவு உண்டு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மெட்ரோ நிலையம் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடை. வேலைக்கு ரயிலில்தான் போகிறேன். ஐந்து வருடப் பழைய பெட்ரோல் கார் ஒன்று இருக்கிறது. மாதத்தில் இரண்டு நாள் எடுத்தால் அதிகம். விற்றுவிடலாமா? கணக்கை எப்படிப் போடுவது?

பதில்: பெட்ரோலை மட்டும் வைத்துப் பார்த்தால் சொந்தக் கார் எப்போதும் மலிவாகத்தான் தெரியும். கண்ணெதிரே கையை விட்டுப் போகிற காசு அது ஒன்றுதான். மற்றவை வருடத்துக்கு ஒருமுறை வந்து போகும். அவற்றில் பெரியதான விலை இறக்கம் விற்கிற நாளில்தான் தெரியவரும்.

உங்கள் கார் புதிதாக இருந்தபோது அதன் விலை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். இன்று விற்றால் 45 கிடைக்கும், இன்னும் நான்கு வருடம் வைத்திருந்து விற்றால் 25 கிடைக்கும் என்றால், வருடத்துக்கு 5 பங்கு கரைகிறது. காரில் முடங்கிக் கிடக்கும் பணம் சராசரியாக 35 பங்கு. அதற்கு வேறிடத்தில் 6 சதவீத வட்டி வந்திருக்கும் என்றால் இன்னொரு 2. காப்பீடு 2, நிறுத்துமிடம் 4, வருடாந்திர சர்வீஸ் 2, டயர் பேட்டரி சில்லறைப் பழுதுகளுக்குச் சேர்த்து 3. ஆக மொத்தம் 18 பங்கு. சக்கரம் ஒரு சுற்றுகூடச் சுற்றாமல் வருடத்துக்கு ஆகிற செலவு இது. எண்கள் உதாரணத்துக்காக எடுத்தவை. உங்கள் காப்பீட்டு ரசீதையும் பழைய கார் விற்கும் தளத்தில் உங்கள் மாடலின் விலையையும் பார்த்து மாற்றிப் போடுங்கள். முறை இதுதான்.

இந்த 18ஐ, வருடத்தில் கார் வெளியே வரும் நாட்களால் வகுக்க வேண்டும். உங்களுக்கு 24 நாள். ஒரு நாளைக்கு முக்கால் பங்கு விழுகிறது. நீங்களே ஓட்டிக்கொள்ளும் வாடகைக் காருக்கு நாளொன்றுக்கு 0.3 பங்கு ஆகிறது என்றால், 18ஐ 0.3ஆல் வகுத்தால் 60. வருடத்தில் 60 நாளுக்கு மேல் எடுப்பவருக்குச் சொந்தக் கார், அதற்குக் கீழே என்றால் வாடகைக் கார். பெட்ரோல் இரண்டிலும் நம் கைக்காசுதான் என்பதால் இந்தக் கணக்கில் அது வராது. வாடகையிலேயே பெட்ரோலும் அடக்கம் என்றால் அதைக் கழித்துவிட்டு வகுக்க வேண்டும். 24 நாள் எடுக்கிற நீங்கள் விற்றுவிடலாம்.

இதில் பலர் தவறுகிற இடம் ஒன்று உண்டு. கையில் இருக்கிற காரை விற்பதா என்பது வேறு, புதுக் கார் வாங்குவதா என்பது வேறு. வாங்கியபோது கொடுத்த விலையும் கட்டிய பதிவு வரியும் போனது போனதுதான். விற்பதா என்று முடிவெடுப்பவர் அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, இன்றைய சந்தை விலையிலிருந்துதான் தொடங்க வேண்டும். புதிதாக வாங்குகிறவருக்கோ எல்லாமே சேரும். 100க்கு வாங்கி எட்டு வருடம் கழித்து 28க்கு விற்றால் விலை இறக்கமே வருடத்துக்கு 9. வட்டி, காப்பீடு, வரி எல்லாம் சேர்ந்தால் மொத்தம் 24ஐத் தொடும். அவர் 80 நாளாவது எடுத்தால்தான் கட்டுப்படியாகும். அதனால்தான், நன்றாக ஓடுகிற பத்து வருடப் பழைய காரை அவசரப்பட்டு விற்றுவிட்டு, கொஞ்ச நாள் கழித்து மனம் மாறிப் புதுக் கார் வாங்குகிறவருக்கு இரண்டு பக்கமும் நஷ்டம்.

கேள்வி: பத்து நாள் எடுக்காமல் விட்டால் கார் ஸ்டார்ட் ஆவதில்லை. தினமும் நிறுத்திய இடத்திலேயே ஐந்து நிமிடம் என்ஜினை ஓட விடச் சொல்கிறார் தெரிந்த மெக்கானிக். சரியா?

பதில்: சரியில்லை. காருக்கு நல்லது செய்வதாக நினைத்துக் கெடுதல் செய்கிற வேலை அது.

பூட்டி நிறுத்திய காரிலும் அலாரம், சாவிக்காகக் காத்திருக்கும் ரிசீவர், கம்ப்யூட்டரின் நினைவகம் என்று சில விழித்தே இருக்கும். அவை இழுக்கும் மின்சாரம் 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இருந்தால் இயல்பு. 50 என்றே வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி, இரண்டு வாரத்தில் கிட்டத்தட்ட 17. சிறிய காரின் பேட்டரி 45 ஆம்பியர் மணிதான் என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காலி. நான்கு வாரத்தில் முக்கால்வாசி போய்விடும். உங்களுக்குப் பத்தே நாளில் படுத்துவிடுகிறது என்றால் பேட்டரிக்கு வயதாகியிருக்க வேண்டும், அல்லது பின்னால் மாட்டிய கேமராவோ டிராக்கரோ சத்தமில்லாமல் மின்சாரம் குடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

சோதித்துப் பார்ப்பது எளிது. காரை ஓர் இரவு நிறுத்திவிட்டுக் காலையில் மல்டிமீட்டரைப் பேட்டரியின் இரு முனைகளிலும் வையுங்கள். 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால். 12.2 பாதி. 12.0க்கு வந்துவிட்டால் கால்வாசிதான் மிச்சம். 12.4க்குக் கீழே வாரக்கணக்கில் கிடக்கிற பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகும், பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது.

நிறுத்திய இடத்திலேயே ஐந்து நிமிடம் ஓட விட்டால், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் குறைந்த வேகத்தில் சுற்றும், ஸ்டார்ட்டர் இழுத்ததை அது ஈடுகட்டுவதே பெரும்பாடு. என்ஜின் ஆயில் சரியாகச் சூடேறாது. எரியும்போது உண்டாகும் நீராவி ஆயிலிலும் சைலன்சரிலும் தண்ணீராகத் தங்கி, ஆயிலைக் கெடுத்துச் சைலன்சரை உள்ளிருந்து அரிக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முப்பது நாற்பது நிமிடம் சாலையில் ஓட்டுங்கள். அதில் பத்து நிமிடம் ஏசியும் ஓடட்டும், கம்ப்ரஸரின் சீல் காயாமல் இருக்கும். அதற்கும் நேரமில்லை என்றால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி வையுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். பிளக் பாயின்ட் பக்கத்தில் இருந்தால், நிரம்பியதும் தானே குறைத்துக்கொள்ளும் மெயின்டெய்னர் சார்ஜர் இன்னும் நல்லது.

டயருக்கும் இதே கதை. ஓடாத டயர் தேயாது, ஆனால் கிழடாகும். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. சாலையைத் தொடும் பகுதியின் பள்ளங்கள் தேயாமல் இருந்தாலும் பக்கவாட்டில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிட வேண்டியதுதான். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் என்பதால் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். இரண்டே நாள் ஓடுகிற காருக்கு ஏன் இவ்வளவு செலவு என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்: காரில் பாதிப் பொருட்கள் கிலோமீட்டரால் கெடுவதில்லை, காலண்டரால் கெடுகின்றன.

இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்: நெரிசலான நகரத்துக்குள்ளேயே சுற்றுகிறவர் டீசல் கார் பக்கம் போக வேண்டாம். புகைக்கரி வடிகட்டி தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள, பதினைந்து இருபது நிமிடம் சீரான வேகத்தில் சூடாக ஓட வேண்டும். இரண்டு கிலோமீட்டர் போய் நிறுத்தினால் அடைத்துக்கொள்ளும்.

கேள்வி: எங்கள் நகரில் மெட்ரோ, புறநகர் ரயில், பேருந்து எல்லாம் இருக்கின்றன. கார் தேவையே இல்லை என்கிறேன் நான். கஷ்டம் என்கிறார் என் மனைவி. யார் சொல்வது சரி?

பதில்: அவர் எங்கெங்கே போகிறார் என்று கேட்டீர்களா? பெரும்பாலும் அவர் சொல்வதுதான் சரியாக இருக்கும்.

பெரும்பாலான நகரங்களில் ரயில் பாதைகள் சக்கரத்தின் ஆரங்களைப் போல மையத்தை நோக்கியே போடப்பட்டவை. காலையில் மையத்துக்குப் போய் மாலையில் திரும்புகிறவருக்கு நகரம் முழுக்க ரயில் இருப்பதாகத் தோன்றும். பள்ளி, மருந்தகம், வயதான மாமியார் வீடு, காய்கறி என்று ஒரே சுற்றில் நான்கு இடம் இறங்கி ஏறுகிறவருக்கு அதே நகரம் வேறு நகரம். ஒவ்வோர் இறக்கத்துக்கும் ஒரு காத்திருப்பு, ஒவ்வொரு காத்திருப்பின்போதும் கையில் ஒரு பை கூடுதல்.

சண்டை வேண்டாம், அளந்து பாருங்கள். நீங்கள் இருவரும் சேர்ந்து மாதத்தில் அதிகம் போகிற எட்டு இடங்களை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் வாசலிலிருந்து வாசல் வரை ஆகும் நேரம் வேண்டும். நடைக்கு 400 மீட்டருக்கு ஐந்து நிமிடம். பேருந்தோ ரயிலோ எத்தனை நிமிடத்துக்கு ஒன்று வருகிறதோ அதில் பாதி காத்திருப்பு. ஒவ்வொரு மாறுதலுக்கும் இதையே திரும்பக் கூட்டுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒன்று வந்தால் நேர அட்டவணையே பார்க்க வேண்டாம். இருபதுக்கு ஒன்று என்றால் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும். நாற்பதுக்கு ஒன்று என்றால் அந்த வழி இருந்தும் இல்லாத மாதிரி. இரவு கடைசி வண்டி எத்தனை மணிக்கு, ஞாயிற்றுக்கிழமை இடைவெளி எவ்வளவு என்பதையும் குறியுங்கள்.

காருக்கும் இதே நேர்மையோடு எழுத வேண்டும். பேஸ்மென்டிலிருந்து வெளியே வருவது, போய்ச் சேர்ந்தபின் இடம் தேடிச் சுற்றுவது, நிறுத்திய இடத்திலிருந்து திரும்ப நடப்பது எல்லாம் நேரம்தான். எட்டில் ஆறு இடங்களுக்குப் பொதுப் போக்குவரத்து காரைவிடக் கால் மணி நேரத்துக்கு மேல் பின்தங்காவிட்டால் கார் இல்லாமல் சமாளிக்கலாம். மீதி இரண்டுக்கு டாக்ஸி.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் கார் நிறுத்துமிடம் இலவசம். அந்தச் செலவு எனக்கு இல்லைதானே?

பதில்: மாதாமாதம் பணம் கேட்க யாரும் வரவில்லை என்பதால் இலவசம் ஆகிவிடாது. ஒரு கார் நிறுத்த சுமார் 2.5க்கு 5 மீட்டர் வேண்டும், அதாவது 12.5 சதுர மீட்டர். ஒரு படுக்கையறை அளவு. உள்ளே வந்து திரும்புகிற பாதையில் அதன் பங்கையும் சேர்த்தால் 25 முதல் 30 சதுர மீட்டர் வரை போகும். வீட்டின் விலையிலோ வாடகையிலோ அது ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. விதி அனுமதித்தால் அந்த இடத்தைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன வாடகைக்கு விடலாம் என்று விசாரியுங்கள். வருகிற தொகைதான் உங்கள் நிறுத்துமிடச் செலவு. வாடகைக்கு விட முடியாத இடமாக இருந்தால் மட்டும் பூஜ்ஜியம் என்று போட்டுக்கொள்ளலாம். அப்படிப் போட்டாலும் முதல் கேள்வியில் உள்ள கணக்கில் 18 என்பது 14 ஆகும், 60 நாள் என்பது 47க்குத்தான் இறங்கும்.

இந்தச் செலவைச் சில ஊர்கள் கண்ணுக்குத் தெரிய வைத்திருக்கின்றன. ஜப்பானில் 1962ஆம் ஆண்டுச் சட்டப்படி, கார் நிறுத்த இடம் இருப்பதற்குச் சான்றிதழ் காட்டினால்தான் பதிவு செய்ய முடியும். அந்த இடம் வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். சிங்கப்பூரில் 1990 முதல், காரின் விலை போதாதென்று, பத்து வருடம் கார் வைத்துக்கொள்ளும் உரிமையையே ஏலத்தில் எடுக்க வேண்டும். அந்த உரிமைச் சீட்டு காரைவிட விலை கூடிய காலமும் உண்டு.

கேள்வி: கைக்குழந்தையும் எழுபத்தெட்டு வயது அப்பாவும் வீட்டில். நடு ராத்திரியில் ஏதாவது என்றால் கார் இருந்தால்தானே நிம்மதி?

பதில்: பயம் புரிகிறது. ஆனால் நெஞ்சுவலியோ பக்கவாதமோ வந்தவரைப் பின்சீட்டில் படுக்க வைத்து, பதற்றத்தோடு நீங்களே ஓட்டிப் போவதைவிட ஆம்புலன்ஸ் மேல். அதில் ஆக்ஸிஜன் இருக்கும், வழியிலேயே சிகிச்சை தொடங்கிவிடும். சொந்தக் கார் உதவுவது அவ்வளவு அவசரமில்லாத, ஆனால் விடியும்வரை காத்திருக்க முடியாத வேளைகளில்தான்: குழந்தைக்குக் காய்ச்சல், அப்பாவுக்குக் கால் பிசகல். அந்த நேரத்தில் டாக்ஸி கிடைக்குமா என்று ஊகிக்க வேண்டாம். அடுத்த இரண்டு வாரத்தில் நான்கு இரவுகள், இரண்டு மணி வாக்கில் விழிப்பு வந்தால் செயலியைத் திறந்து எத்தனை நிமிடத்தில் வண்டி என்று காட்டுகிறது எனப் பாருங்கள், பதிவு செய்ய வேண்டாம். பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் காட்டினால் கவலை வேண்டாம். அரை மணி நேரம், அல்லது வண்டியே இல்லை என்று வந்தால் கார் உங்களுக்குத் தேவைதான்.

குழந்தையின் கார் சீட்டை மறக்க வேண்டாம். டாக்ஸியில் பெரும்பாலும் இருக்காது. கைக்குழந்தைக்குப் பின்னோக்கிப் பார்க்கும் சீட்டு வேண்டும். அடித்தளம் இல்லாமல் சீட் பெல்ட்டாலேயே கட்டக்கூடிய, தூக்கிச் செல்லும் கைப்பிடி உள்ள வகையை வாங்கினால் பெரும்பாலான கார்களில் பொருந்தும். ஏர்பேக் உள்ள முன் இருக்கையில் அதை ஒருபோதும் வைக்காதீர்கள்.

அப்பாவால் படியேற முடியாது, நிலையத்தில் லிஃப்ட் இல்லை என்றால் மேலே போட்ட கணக்கெல்லாம் உங்களுக்கு இல்லை. வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மணிக்கணக்கில் எடுக்கும் பகிர்வுக் கார்களை நம்பலாமா?

பதில்: நம்பலாம், ஒரே நிறுவனத்தை மட்டும் நம்பக் கூடாது. சுவிட்சர்லாந்தில் 1987இல் தொடங்கிய இரண்டு கூட்டுறவுகள் 1997இல் மொபிலிட்டி என்ற பெயரில் இணைந்து இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. பாரிஸில் 2011இல் வந்த ஆட்டோலிப் மின் கார்களோ கடன் சுமையால் 2018இல் நின்றுபோயின. காரை விற்குமுன் குறைந்தது இரண்டு சேவைகளில் உறுப்பினராகி, ஒவ்வொன்றிலும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

ஒப்பந்தத்தில் முதலில் பார்க்க வேண்டியது, விபத்து நேர்ந்தால் காப்பீடு போக உங்கள் கையிலிருந்து எவ்வளவு போகும் என்பது. சின்ன வாடகைக்கு ஆசைப்பட்டு இதைப் பார்க்காதவர்கள்தான் பிறகு புலம்புகிறார்கள். டயர், கண்ணாடி, அடிப்பாகம் இந்த மூன்றும் பல காப்பீடுகளில் சேராது. அடுத்து கிலோமீட்டர் வரம்பு, தாமதத்துக்கு அபராதம், உங்களைத் தவிர வேறு யார் ஓட்டலாம்.

வண்டியை எடுக்கும்போது நகர்த்துவதற்கு முன் ஒரு வீடியோ எடுங்கள். நான்கு பக்கமும் வெளிச்சத்தில், பம்பரின் கீழ் விளிம்பு, நான்கு சக்கரத்தின் ரிம், முன் கண்ணாடி, கூரை. பிறகு டேஷ்போர்டில் எரிபொருள் முள்ளும் கிலோமீட்டரும் ஒரே படத்தில். திரும்ப விடும்போது அதே வரிசையில் இன்னொன்று. ரிம்மில் கீறல் என்று பத்து நாள் கழித்து மின்னஞ்சல் வந்தால் அந்த வீடியோதான் பேசும்.

இதில் தீராத குறை ஒன்றுண்டு. பண்டிகைக்கு முந்தின நாள் ஊரே கார் கேட்கும். மூன்று நான்கு வாரத்துக்கு முன்பே பதிவு செய்யாதவருக்குக் கிடைக்காது.

கேள்வி: மின்சாரக் கார் வாங்கினால் இந்தக் கணக்கெல்லாம் மாறிவிடாதா?

பதில்: ஓடுகிற செலவு குறையும், நிற்கிற செலவு குறையாது. குறைவாக ஓட்டுகிறவருக்கு ஓடுகிற செலவில் மிச்சம் பிடிக்க என்ன இருக்கிறது? சொந்த நிறுத்துமிடத்தில் பிளக் இல்லாதவர் வாங்குமுன் இரண்டு முறை யோசிக்க வேண்டும். நீண்ட நாள் நிறுத்துவதென்றால் பெரிய பேட்டரியைப் பாதி சார்ஜில் விடுங்கள், நிரப்பி வைக்காதீர்கள். மின்சாரக் காரிலும் 12 வோல்ட் சிறு பேட்டரி உண்டு, அது படுத்துவிட்டால் கதவே திறக்காமல் போகலாம்.

கேள்வி: கார் இல்லையென்றால் உறவினர்கள் மத்தியில் மதிப்பு குறையாதா?

பதில்: குறையலாம். அந்த மதிப்புக்கு வருடத்துக்கு 18 பங்கு விலை. கட்டுப்படியானால் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: விற்பது என்று முடிவெடுத்தாகிவிட்டது. பிறகு வருத்தப்படாமல் இருக்க முன்கூட்டியே என்ன செய்ய வேண்டும்?

பதில்: மூன்று மாதம் காரில்லாமல் இருந்து பாருங்கள், கார் இருக்கும்போதே. சாவியை ஓர் உறையில் போட்டு ஒட்டி அலமாரியில் வையுங்கள். எடுக்க வேண்டும் என்று தோன்றுகிற ஒவ்வொரு முறையும் உறையின் மேல் தேதி, எங்கே, பதிலுக்கு என்ன செய்தீர்கள், எவ்வளவு ஆனது என்று எழுதுங்கள். டாக்ஸிக் கட்டணம் ஒவ்வொரு முறையும் கசக்கும். காரின் தினசரிச் செலவுக்கு ரசீது வருவதில்லை, இதற்கு வருகிறது என்பதால் வரும் கசப்பு அது. அதற்கென்று தனியாக ஒரு மாதத் தொகையை ஒதுக்கிவிட்டால் அடங்கும். மழைக்காலமோ பள்ளி விடுமுறையோ அந்த மூன்று மாதத்துக்குள் வரட்டும், நல்ல மாதங்களை மட்டும் சோதித்துப் பயனில்லை. உறையை நான்கைந்து முறைக்கு மேல் பிரிக்க நேர்ந்தால் விற்பதைத் தள்ளிப்போடுங்கள்.

விற்கும்போது பணம் வந்ததோடு வேலை முடியவில்லை. பதிவு வாங்குபவர் பெயருக்கு மாறும்வரை அந்தக் கார் செய்கிற விபத்துக்கும் அபராதத்துக்கும் முதலில் தேடுவது உங்களைத்தான். சாவி கைமாறிய தேதி, நேரம், கிலோமீட்டர் மூன்றையும் எழுதி இருவரும் கையெழுத்திட்ட தாள் ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும். பெயர் மாறியது உறுதியான பிறகே காப்பீட்டை ரத்து செய்யுங்கள். அப்போது நோ க்ளைம் போனஸுக்கு, அதாவது இழப்பீடு கேட்காத வருடங்களுக்காகக் காப்பீட்டில் கிடைக்கும் தள்ளுபடிக்கு, சான்றுக் கடிதமும் அது எத்தனை நாள் செல்லும் என்பதையும் கேட்டு வாங்குங்கள், மறுபடி கார் வாங்கினால் உதவும். கார் சிஸ்டத்தில் ஏறியிருக்கும் உங்கள் போன் எண்களையும் வீட்டு முகவரியையும் அழியுங்கள். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் சுங்கச் சாவடி அட்டையைக் கணக்கிலும் மூடிவிட்டுக் கிழித்தெடுங்கள். அதை விட்டுவிட்டால், வாங்கியவர் ஒவ்வொரு சாவடியைக் கடக்கும்போதும் உங்கள் போனில் மணி அடிக்கும்.